உங்கள் கார் என்ன நிறம்? அதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? உங்கள் ஊரில் அது எவ்வளவு அரிது?

கிளிப்பச்சை. 2012-ல் வாங்கிய செவர்லே பீட், டீசல் வண்டி. கோபிசெட்டிபாளையத்தில் நான் பார்த்தவரை அந்த நிறத்தில் இன்று வேறு கார் கிடையாது. வாங்கின புதிதில் ஈரோட்டுக்குப் போனால் ஒன்றிரண்டு கண்ணில் படும். 2017 கடைசியோடு செவர்லே இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு இருக்கிற பீட்கள் குறைந்துகொண்டே வருகின்றன, புதிதாக ஒன்று ரோட்டுக்கு வர வழியில்லை. அதிலும் பச்சை என்றால் கேட்கவே வேண்டாம்.

2010 தொடக்கத்தில் அந்தக் கார் அறிமுகமானபோது விளம்பரத்தில் முன்னால் நின்றது இந்தப் பச்சைதான். அப்போதே மனதில் விழுந்துவிட்டது. இரண்டு வருஷம் காசு சேர்த்து அப்பாவோடு ஷோரூம் போனால், அங்கே அவர் சொன்ன முதல் வார்த்தை: "வெள்ளை எடுத்துக்க கண்ணு. நாளைக்கு விக்கறப்ப வெலை போகும்." விற்பனைக்காரரும் அதையே சொன்னார். வெள்ளை என்றால் கையோடு டெலிவரி, பச்சை என்றால் மூன்று வாரம் ஆகும் என்றார். "எனக்குப் பச்சைதானுங்கப்பா வேணும்" என்றேன். அப்பா அதற்குமேல் எதுவும் பேசவில்லை. ஆனால் வீடு வரும்வரை முகம் கொடுத்தும் பேசவில்லை.

அப்பா சொன்னதில் தப்பில்லை. நம் ஊரில் பாதிப் பேர் சொல்கிற காரணம் அதுதான். எனக்கு அதில் ஒரே ஒரு வருத்தம். கடனை உடனை வாங்கி, ஐந்து வருஷம் தவணை கட்டி, நாம் ஓட்டப்போகிற வண்டி அது. பத்து வருஷம் கழித்து வரப்போகிற, முகம் தெரியாத ஒருவருக்குப் பிடிக்குமா என்று பார்த்து அதற்கு ஏன் நிறம் எடுக்க வேண்டும்? இதே நாம் பட்டுப்புடவைக் கடையில் உட்கார்ந்தால் அரக்கு, வாடாமல்லி, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். நீலம் என்று பேர் சொல்லிக் கேட்கிறோம். ஒரு பாடகியின் பெயரையே ஒரு நீலத்துக்கு வைத்த ஊர் இது. நிறம் பார்க்கிற கண் நமக்கு நிறையவே உண்டு. கார் என்று வந்ததும் அந்தக் கண்ணை மூடிக்கொள்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

வெள்ளைக்கு நியாயமான காரணங்களும் இருக்கின்றன. முதல் காரணம் வெயில். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தினர் ஒரே மாதிரியான இரண்டு ஹோண்டா சிவிக் கார்களை, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி நிறம், வெயிலில் நிறுத்திப் பார்த்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். கறுப்புக் காரின் கூரை 25 டிகிரி வரை அதிகமாகச் சுட்டது. உள்ளே இருந்த காற்றில் வித்தியாசம் 5, 6 டிகிரிதான். கூரைக்கும் காற்றுக்கும் நடுவே இவ்வளவு வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். கண்ணாடி வழியாக வருகிற வெயிலுக்கு வண்டியின் நிறம் ஒரு தடையே இல்லை. ஆனாலும் சித்திரை மாதம் ஈரோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்திவிட்டு வருகிறவருக்கு அந்த 5 டிகிரியும் பெரிது. வெள்ளையில் புழுதியும் சின்னக் கீறலும் சட்டென்று தெரியாது, இருட்டில் எதிரே வருகிறவர் கண்ணில் படும். உலக அளவிலும் பத்து வருஷத்துக்கு மேலாக அதிகம் விற்பது வெள்ளைதான் என்று பெயின்ட் கம்பெனிகள் வருஷா வருஷம் கணக்குச் சொல்கின்றன. இந்தக் காரணங்களுக்காக வெள்ளை எடுப்பவரோடு எனக்குச் சண்டையே இல்லை.

அப்பா தலைமுறைக்கு இன்னொன்றும் உண்டு. வெள்ளை அம்பாசடர் வந்து நின்றால் கலெக்டரோ எம்.எல்.ஏ.வோ இறங்குவார் என்று பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு வெள்ளை என்பது மரியாதை.

நிறம் எடுப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு: பட்டறை. சாதா வெள்ளை, சாதா சிவப்பு போன்ற மினுமினுப்பு கலக்காத நிறங்களில் டச்சப் செய்தால் பழைய நிறத்தோடு ஓரளவு ஒட்டிக்கொள்ளும். மெட்டாலிக் அப்படியில்லை. அதில் அலுமினியப் பொடி சின்னச் சின்னத் தகடுகளாகக் கலந்திருக்கும். ஸ்பிரே அடிக்கிறவர் கையின் வேகம், காற்றழுத்தம், தூரம் மாறினால் அந்தத் தகடுகள் படுகிற கோணமும் மாறிவிடும். கலர் கோடு அதேதான், டப்பாவும் அதேதான், ஆனால் கதவு வேறாகத் தெரியும். பேர்ல் வெள்ளை இன்னும் கஷ்டம். அடி நிறம், அதன்மேல் முத்துப் பூச்சு, அதற்கும் மேல் கிளியர் என்கிற நிறமில்லாத பூச்சு என்று மூன்று அடுக்கு. வெள்ளைதானே, எங்கேயும் அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்து அதை எடுக்காதீர்கள்.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் நிறம் பதிவாகியிருக்கும், மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதையும் மாற்ற வேண்டும். ராணுவத்தின் ஆலிவ் பச்சையைத் தனியார் வண்டிக்கு அடிக்கச் சட்டத்திலேயே இடமில்லை. என் காரைப் பார்த்து இரண்டு மூன்று பேர் அதைக் கேட்டிருக்கிறார்கள். கிளிப்பச்சைக்கும் பட்டாளத்துப் பச்சைக்கும் சம்பந்தமே இல்லை, பயப்பட வேண்டாம்.

அரிதான கார் வைத்திருப்பதில் என்ன சுகம் என்றால், அதற்கு ஒரு முகவரி உண்டு. கல்யாண மண்டபத்து வாசலில் வெள்ளை ஸ்விஃப்ட் வரிசையாக நிற்கும். எங்கள் பெரியப்பா அடுத்தவர் கார்க் கதவை ரொம்ப நேரம் இழுத்துக்கொண்டு நின்றார். என் வண்டிக்கு அந்தச் சிக்கல் வந்ததில்லை. அம்மா போனில் வழி சொல்லும்போது, "பச்சைக் கார் நிக்குமுங்க, அந்த வீடுதான்" என்பார். பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குப் பின்கதவுதான் விளையாட்டு. கைப்பிடி ஜன்னல் ஓரத்தில் மறைவாக இருக்கும், புதிதாக வருகிறவர்களைத் தேடவிடுவார்கள்.

2019-ல் சத்தி ரோட்டில் ஒரு பால் வேன் பின்பக்க இடதுகதவை நசுக்கிவிட்டது. டிங்கர் வேலை முடித்து, பட்டி பார்த்து, பெயின்ட் என்று வந்தபோது பட்டறைக்காரர் சொன்னார்: "இந்தக் கலர் ஒட்டாதுங்க. முழு வண்டிக்கும் வெள்ளை அடிச்சுக் குடுத்தர்றேன், ஆர்.சி.யும் மாத்திக்கலாம். விக்கறதுக்கும் நல்லது." நான் யோசித்துக்கொண்டு நின்றேன். கூட வந்திருந்த அப்பா, "வேண்டாமுங்க, பச்சையே அடிங்க. எங்களுத பச்சைக் கார்" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பட்டறைக்காரர் சொன்னதுபோலவே நிறம் முழுசாக ஒட்டவில்லை. சாயங்கால வெயிலில் பார்த்தால் அந்தக் கதவு மட்டும் கொஞ்சம் மஞ்சளடிக்கும். 2027-ல் 15 வருஷம் முடிகிறது, ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டும். அதற்குள் அந்தக் கதவை வேறு நல்ல ஆளிடம் கொடுத்து ஒருதரம் சரியாக அடித்துவிடலாம் என்கிறார் அப்பா.