வேலை முடிந்த மாலையில் அருங்காட்சியகம்: வாசகர் கேள்வி பதில்

அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக 22 ஆண்டுகள் இருந்தவள் என்பதால், இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் சிலவற்றை ஆசிரியர் என்னிடம் தந்திருக்கிறார்.

நாங்கள் ஐந்து தோழிகள், ஐவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரே ஒரு மாலைதான் சேர்ந்தாற்போல் கிடைத்திருக்கிறது. ஒரு பெரிய அருங்காட்சியகத்தையும் அதன் அருகில் உள்ள மூன்று கலைக்கூடங்களையும் பார்த்துவிட முடியுமா?

அத்தனைக்குள்ளும் நடந்துவிட்டு வரலாம், பார்க்க முடியாது. ஒரு அருங்காட்சியகம், ஒரு கலைக்கூடம் போதும். அருங்காட்சியகத்திலும் இரண்டே அறைகள். எந்த இரண்டு என்று கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வாசலில் நின்று ஐந்து பேர் யோசித்தால் அரை மணி போய்விடும்.

சிறிய கலைக்கூடங்கள் பெரும்பாலும் சீக்கிரம் மூடிவிடும், அதனால் அங்கே முதலில் போங்கள். பெரிய அருங்காட்சியகங்கள் வாரத்தில் ஓரிரு நாள் இரவு வரை திறந்திருப்பதுண்டு. பாரிஸின் லூவர் புதன், வெள்ளிக் கிழமைகளில் இரவு 9 மணி வரை, நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் வெள்ளி, சனிக் கிழமைகளில் 9 மணி வரை. நீங்கள் போகும் இடத்துக்கும் அப்படி ஒரு நாள் இருக்கிறதா என்று விசாரித்து, அந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள். மூடும் நேரம் என்று போட்டிருப்பது நீங்கள் வெளியே வந்திருக்க வேண்டிய நேரம். டிக்கெட் கவுன்டர் அதற்கு முன்பே மூடிவிடும், கடைக்கோடி அறைகளிலிருந்து ஆட்களை அனுப்பும் வேலையும் முன்பே தொடங்கிவிடும். அந்த வேலையை நான் செய்திருக்கிறேன். ஒரு படத்தின் முன் அப்போதுதான் வந்து நின்றவரிடம் போய் 'நேரமாகிவிட்டது' என்று சொல்லும்போதெல்லாம் மனம் சங்கடப்படும்.

மாலையில் திறந்து வைப்பது புதிய வழக்கமல்ல. லண்டனில் 1857-இல் திறக்கப்பட்ட சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம், இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், தன் கூடங்களில் எரிவாயு விளக்குகளை ஏற்றி மாலையிலும் மக்களை வரவேற்றது. பகலெல்லாம் உழைக்கிறவர்களும் கலையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் முதல் இயக்குநர் ஹென்றி கோலின் எண்ணம். அங்கே இப்போதும் வெள்ளிக்கிழமை இரவு 10 மணி வரை விளக்கு எரிகிறது. வேலை முடித்துவிட்டு வரும் நீங்கள் ஐவரும்தான் அந்த ஏற்பாட்டுக்கு உரியவர்கள். நேரம் கெட்ட நேரத்தில் வருகிறோமே என்று தயங்கவே வேண்டாம்.

சில அறைகள் இருட்டிக் கிடக்கின்றன. விளக்க அட்டையைக் கூடப் படிக்க முடிவதில்லை. காசு கொடுத்து வருகிறவர்களுக்கு நல்ல விளக்கு போடக் கூடாதா?

அந்த இருட்டு, படம் உங்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் இருக்க வேண்டும் என்பதற்காக. காகிதம், துணி, நீர்வண்ணம் ஆகியவற்றின் மேல் ஏறத்தாழ 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) ஒளிக்கு மேல் விழாதபடி பார்த்துக்கொள்வார்கள். எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு 200 லக்ஸ் வரை விடுவதுண்டு. ஒளி செய்யும் கேடு சேர்ந்துகொண்டே போகும். பிறகு இருட்டறையில் எத்தனை ஆண்டு வைத்தாலும் போன நிறம் திரும்பாது. நீர்வண்ண ஓவியங்களைச் சில மாதங்கள் மாட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் உள்ளே எடுத்து வைப்பதும் இதனால்தான்.

ஒரு முறை, பழுது பார்க்கும் அறையில் பழைய நீர்வண்ண ஓவியம் ஒன்றைச் சட்டத்திலிருந்து கழற்றும்போது பக்கத்தில் நின்றிருந்தேன். வெளிறிய பழுப்பு வானம், கீழே ஆறு. வேனிற்காலத்து மதியம் என்றுதான் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டம் விலகியதும் நான்கு ஓரத்திலும் விரல் அகலத்துக்கு ஆழ்ந்த நீலம் தெரிந்தது. மழைக்கு முந்தைய வானத்தைத்தான் ஓவியர் வரைந்திருக்கிறார். சட்டம் மறைத்த இடத்தில் மட்டும் அது பிழைத்திருந்தது. அன்றிலிருந்து மங்கிய விளக்கைப் பற்றி யார் குறை சொன்னாலும் அந்த நீலக் கரை என் கண் முன் வந்து நிற்கும்.

பெரிய ஓவியர்களும் தப்பவில்லை. மார்க் ராத்கோ 1960-களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு வரைந்து தந்த சுவரோவியங்கள், வெயில் பாயும் பெரிய ஜன்னல்கள் கொண்ட உணவறையில் தொங்கின. அவற்றில் இருந்த லித்தால் சிவப்பு என்ற நிறமி வெளுத்துப்போய், 1979-இல் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று. 2014-இல் அவற்றை மீண்டும் காட்டியபோது, இழந்த நிறத்தைக் கணினியில் கணக்கிட்டு, அந்த நிற ஒளியைப் படத்தின் மேல் பாய்ச்சினார்கள். விளக்கை அணைத்தால் வெளுத்த படம்தான்.

உங்களுக்கு ஒரு வழி உண்டு. வெளிச்சமான கூடத்திலிருந்து நேராக அந்த அறைக்குள் போய் உடனே பார்க்கத் தொடங்காதீர்கள். கைபேசியை உள்ளே வைத்துவிட்டு, மூன்று நான்கு நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் பழகிவிடும். அதுவரை காணாத கோடுகள் தெரியத் தொடங்கும்.

எங்கள் நண்பர் குழுவில் ஒருவர் ஓட்டமாக ஓடுகிறார். ஒருவர் எல்லா அட்டையையும் எழுத்து விடாமல் படிக்கிறார். கடைசியில் மனஸ்தாபம்தான் மிஞ்சுகிறது.

உள்ளே நுழைந்ததும் பிரிந்துவிடுங்கள். நாற்பது நிமிடம் அவரவர் போக்கில். பிறகு குறித்த ஒரு பெஞ்சில் கூடி, ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரே ஒரு பொருளிடம் மற்றவர்களை அழைத்துப் போக வேண்டும். ஒருவருக்கு ஒன்றுதான், இரண்டாவது கிடையாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், ஓடுகிறவரும் கொஞ்சம் நின்றாக வேண்டும். படிக்கிறவரும் அட்டையிலிருந்து தலையை நிமிர்த்தியாக வேண்டும்.

என் தோழிகளோடு நான் இப்படித்தான் போகிறேன். எங்களில் அதிகம் பேசாத ஒருத்தி ஒரு நாள் எங்களை அழைத்துப்போய் நிறுத்தியது ஒரு மண் குவளையின் முன். நான் நூறு முறை கடந்துபோன பேழை அது. 'கைப்பிடி உடம்போடு சேருகிற இடத்தைப் பார்' என்றாள். குனிந்து பார்த்தேன். கைப்பிடியை ஒட்டும்போது குயவர் அழுத்திய கட்டைவிரலின் பள்ளம், அதனுள் ரேகைகள், ஓரத்தில் நகம் பட்ட பிறைக் கீறல். சிறிய விரல், பெண்ணோ பிள்ளையோ தெரியவில்லை. அத்தனை ஆண்டுகள் அந்தக் குவளையின் வயதையும் மண்ணின் வகையையும் ஒப்பித்தவள் நான். அந்த விரலை எனக்குக் காட்டியவள் அவள்.

பையைத் தோளில் மாட்டிக்கொள்ளலாமா? படம் எடுக்கலாமா?

முதுகுப் பையை வாசலிலேயே ஒப்படைத்துவிடுங்கள், இல்லையேல் முன்பக்கமாக மாட்டுங்கள். திரும்பும்போது முதுகில் கண் இல்லை. படம் எடுக்க அனுமதி இருந்தாலும் ஃப்ளாஷ் கூடாது. முதலில் பாருங்கள், பிறகு எடுங்கள்.

உள்ளூர் ஓவியர்களின் கலைக்கூடத்துக்குள் போகவே கூச்சமாக இருக்கிறது. வாங்கச் சொல்வார்களோ என்ற பயம். ஓவியரே நின்றால் என்ன பேசுவது?

தயங்காமல் போங்கள். பார்க்க வருகிறவர்கள் இல்லாத கண்காட்சியின் வெறுமையை நான் கண்டிருக்கிறேன். மூன்று பேர் உள்ளே வந்து நின்றாலே ஓவியரின் முகம் மாறிவிடும். வாங்காமல் வெளியே வருவதில் எந்தக் குறையும் இல்லை. படத்தின் பக்கத்தில் சிறிய சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அது விற்றாகிவிட்டது என்று பொருள். விலைப் பட்டியல் பெரும்பாலும் மேஜை மேல் இருக்கும். கேட்டால் தருவார்கள்.

அச்சு ஓவியங்கள் இருந்தால் கீழ் விளிம்பைப் பாருங்கள். பென்சிலில் 7/50 என்பது போல எழுதியிருக்கும். மொத்தம் 50 பிரதிகள், இது ஏழாவது. அந்த 50 முடிந்தபின் அச்சுத் தகட்டைக் கீறி அழித்துவிடுகிறவர்களும் உண்டு.

ஓவியரிடம் 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று தொடங்காதீர்கள். பலருக்கு அந்த இடத்தில் பேச்சு அடைத்துவிடும். 'இந்த மூலையை எப்படிச் செய்தீர்கள்?' என்று கேளுங்கள். கத்தியால் இழைத்தாரா, துணியால் ஒற்றினாரா, எத்தனை முறை அழித்து வரைந்தார் என்று கை அசைத்துச் சொல்லத் தொடங்குவார். அர்த்தமும் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும்.

புகழ்பெற்ற ஓவியத்தின் முன் நின்றாலும் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. நண்பர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். என்ன படித்துவிட்டுப் போக வேண்டும்?

படிப்பது பிறகு இருக்கட்டும். ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்த, ஆம்ஸ்டர்டாமில் உள்ள பெரிய ஓவியத்தை 'இரவுக் காவல்' என்றே உலகம் அழைக்கிறது. அது இரவு அல்ல. மேலே பூசிய வார்னிஷும் அழுக்கும் கறுத்துப்போனதால் பின்னாளில் வந்த பெயர். வார்னிஷை நீக்கிய பிறகு பகல் வெளியே வந்தது. நடுவில் கறுப்பு உடையில் நிற்கும் காவற்படைத் தலைவர் முன்னால் நீட்டிய இடது கையைப் பாருங்கள். அதன் நிழல், பக்கத்தில் நிற்கும் துணைத் தலைவரின் மஞ்சள் உடை மேல் விரல் விரலாக விழுந்திருக்கிறது. பெயரை மட்டும் அறிந்தவர் இரவைப் பார்ப்பார், நிழலைக் கண்டவர் வெயிலைப் பார்ப்பார். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற ஒரு கேள்வியோடு அடுத்த படத்தின் முன் நில்லுங்கள். அது போதும் தொடங்க.

பள்ளி நாளிலிருந்து என்னோடு இருக்கும் தோழிக்குப் பார்வை போய்விட்டது. முன்பு நாங்கள் இருவரும் கண்காட்சி கண்காட்சியாகச் சுற்றுவோம். இப்போது அவளை அழைப்பது அவளை வருத்துமோ?

அழையுங்கள் அம்மா. வருவதா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும். அவருக்காக நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் 2015-இல், தன்னிடமுள்ள ஓவியங்கள் சிலவற்றைப் புடைப்பாக அச்சிட்டு, பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் பார்க்கும்படி வைத்தது. தொட்டுப் பார்க்கத் தனி வேளை ஒதுக்கும் அருங்காட்சியகங்கள் பல இருக்கின்றன. முன்கூட்டியே விசாரித்தால் ஏற்பாடு செய்து தருவார்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும் உங்கள் வாய்ப்பேச்சு இருக்கிறது.

பார்வையற்ற ஒருவருக்கு நான் முதன்முதலில் ஓவியம் சொன்னபோது, 'ஒரு பெண் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறாள்' என்றேன். 'எந்த இடுப்பில்?' என்று கேட்டார். பார்த்துச் சொன்னேன். 'குடம் நிறைந்திருக்கிறதா?' நிறைந்துதான் இருந்தது, அவள் உடல் மறுபக்கம் சாய்ந்திருப்பதை அப்போதுதான் கண்டேன். 'காலில் செருப்பு உண்டா? தரை சுடுகிறதா?' கால்களைத் தேடிப் பார்த்தேன். ஒரு கால் விரல்கள் மடங்கி, தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. அந்த ஒரு படத்தின் முன் முக்கால் மணி நேரம் நின்றோம்.

அளவிலிருந்து தொடங்குங்கள். கதவு அளவா, புத்தக அளவா என்று சொல்லுங்கள். பிறகு இடமிருந்து வலமாக. நிறங்களைப் பெயர் சொல்லியே சொல்லலாம், அவருக்கு அவை நினைவில் இருக்கும். நீங்கள் இருவரும் முன்பு சேர்ந்து பார்த்த ஓவியம் ஏதாவது அங்கே மாட்டியிருந்தால், அதற்கு முதலில் போங்கள். அதை அவர் உங்களுக்குச் சொல்லட்டும், நீங்கள் சரிபாருங்கள்.