கவுண்ட் ஏறிவிட்டதே, ஊசியை நிறுத்தலாமா?

கேள்வி: என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ போய்க்கொண்டிருக்கிறது. கீமோ முடிந்த மறுநாளிலிருந்து வெள்ளையணு ஏற தினமும் ஒரு ஊசி போடுகிறார்கள். இரண்டாவது ஊசிக்கே கவுண்ட் 15,000-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் இடுப்பும் முதுகும் விண்விண்ணென்று வலிக்கிறது என்று அழுகிறார். கவுண்ட்தான் ஏறிவிட்டதே, மீதி ஊசியை விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறையப் பேர் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். ஃபில்கிராஸ்டிம் போன்ற இந்த ஊசிகளைப் போட்ட ஓரிரு நாளில் தெரிகிற ஏற்றம், எலும்பு மஜ்ஜையில் ஏற்கெனவே தயாராக இருந்த நியூட்ரோஃபில்களை (கிருமிகளோடு முதலில் மோதும் வெள்ளையணு வகை) மருந்து ரத்தத்துக்குள் தள்ளிவிடுவதால் வருவது. அந்த இருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். கீமோவின் உண்மையான அடி அதற்கப்புறம்தான் தெரியும், பெரும்பாலும் கீமோ போட்ட 7 முதல் 14 நாட்களுக்குள் கவுண்ட் அடிமட்டத்துக்குப் போகும். ஊசி போட்டாலும் இறங்கத்தான் செய்யும், ஆனால் அடியில் கிடக்கிற நாட்கள் குறையும், அந்த நாட்கள்தான் ஆபத்தானவை. அந்தப் பள்ளத்தைத் தாண்டி எண்ணிக்கை மறுபடி ஏறிய பிறகே மருத்துவர் நிறுத்துவார்.

ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளையணுவை மட்டும் பார்க்காதீர்கள். மொத்தம் 2,000, அதில் நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் கையில் இருப்பது வெறும் 400. 500-க்குக் கீழே போனால் சாதாரணக் கிருமிகூட உயிருக்கே உலை வைக்கலாம்.

வலி விஷயத்துக்கு வருவோம். மஜ்ஜை மும்முரமாக வேலை செய்வதால் இடுப்பு, முதுகு, நெஞ்செலும்பில் வலி வருவது சகஜம், சில நாட்களில் அடங்கிவிடும், அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, மருத்துவரிடம் சொல்லுங்கள். பலருக்குப் பாராசிட்டமாலே போதும், அலர்ஜிக்குத் தருகிற லோரடடின் மாத்திரையும் சிலருக்குக் கேட்கிறது. ஆனால் பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே மாத்திரை கொடுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஊசி போட்டிருக்கிறோமே என்ற தைரியம் அங்கே உதவாது. இன்னொன்று, அபூர்வம்தான் என்றாலும், இடதுபக்க மேல்வயிற்றிலோ இடது தோளிலோ கடுமையாக வலித்தால் அது மண்ணீரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

தினமும் குத்திக்கொள்வது கஷ்டமாக இருந்தால், ஒரு சுற்றுக்கு ஒரே முறை போடுகிற பெக்ஃபில்கிராஸ்டிம் அடுத்த சுற்றில் ஒத்துவருமா என்று கேட்டுப்பாருங்கள். அதையும் கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும், ஏனென்றால் ஊசி மஜ்ஜை அணுக்களை வேகமாகப் பெருக வைக்கும், அப்படி வேகமாகப் பெருகும் அணுக்களைத்தான் கீமோ முதலில் தாக்கும்.

கேள்வி: இதே ஊசியில் ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் ஏறுமா?

பதில்: ஏறாது. சிவப்பணுவுக்கு எரித்ரோபொய்டின் என்ற வேறு ஊசி இருக்கிறது, ஆனால் ரத்தக்கட்டு அபாயமும், கட்டி வளர இடம் கொடுத்துவிடுமோ என்ற கவலையும் இருப்பதால், நோயைக் குணப்படுத்தும் நோக்கத்தில் கீமோ தரும்போது அதைத் தவிர்ப்பார்கள். தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றுவார்கள். பிளேட்லெட் ரொம்ப இறங்கினால் பிளேட்லெட் ஏற்றுவது, இல்லாவிட்டால் அடுத்த கீமோவைச் சில நாள் தள்ளிவைப்பது, இதுதான் வழக்கம்.