ஜாஸ் தட்டுகள் சேர்ப்பது பற்றி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவன் நான். சமீபத்தில் ஒரு ரெக்கார்ட் பிளேயர் வாங்கினேன். ஜாஸ் தட்டுகள் சேர்க்க ஆசை. எங்கே தேடினாலும் ‘கட்டாயம் இருக்க வேண்டிய நூறு தட்டுகள்’ என்றுதான் பட்டியல் கிடைக்கிறது. என் வருமானத்துக்கு மாதம் ஒன்று வாங்கலாம். எதில் தொடங்குவது? வாங்கினால் பழைய முதல் பதிப்பாகத்தான் வாங்க வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். அது சரியா?

கே.,
திருப்பூர்

அன்புள்ள கே.,

மாதம் ஒன்று போதும். ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்க அவகாசம் கிடைக்கும். அந்த நூறு தட்டுப் பட்டியலை விட்டுவிடுங்கள். அதில் இருப்பவை நல்ல தட்டுகள்தான், ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன உறவு என்பதைப் பட்டியல் சொல்லாது. ஜாஸை ஆட்களை வைத்துச் சேர்க்க வேண்டும். ஒரு தட்டை வாங்கி, அட்டையின் பின்பக்கம் யார் யார் வாசித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்களை இழுத்தவர் யாரோ, அவர் பின்னால் போங்கள்.

முதல் தட்டு விஷயத்தில் ஊரோடு ஒத்துப்போகிறேன்: டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. 1959-இல் நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு ஸ்டுடியோவில் இரண்டே அமர்வுகளில் பதிவானது. கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள், அடுத்தடுத்து மாறிக்கொண்டே இருக்கும் பாணியைக் குறைத்து, ஒரு ஸ்வர வரிசையிலேயே நின்று வாசிக்கவைத்தார் மைல்ஸ். ‘சோ வாட்’ முழுவதும் ஒரே வரிசைதான். நடுவில் மட்டும் அது அரைச்சுருதி மேலே போய்த் திரும்புகிறது. ஆலாபனை கேட்டுப் பழகிய உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மைல்ஸ் கொஞ்சமாக வாசித்து நிறைய இடம் விடுகிறார். அடுத்து வரும் ஜான் கோல்ட்ரேன் சாக்ஸபோனில் அந்த இடத்தையெல்லாம் நிரப்புகிறார்.

கோல்ட்ரேன் பிடித்துப்போனால் அடுத்தது ‘எ லவ் சுப்ரீம்’. 1964 டிசம்பர் 9 அன்று நியூ ஜெர்சியில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிவான, நான்கு பகுதிகள் கொண்ட பிரார்த்தனை. அட்டையின் உள்ளே கோல்ட்ரேன் எழுதிய கவிதை இருக்கும். கடைசிப் பகுதி ஓடும்போது அந்தக் கவிதையை வரிவரியாக விரல் வைத்துப் படியுங்கள். அவர் அந்தச் சொற்களைத்தான் அசை அசையாக சாக்ஸபோனில் வாசிக்கிறார். நாகஸ்வரத்தில் கிருதி வாசிக்கையில் சாகித்யம் காதில் விழுமே, அப்படி.

1967-இல் கோல்ட்ரேன் இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் அந்தத் துக்கத்திலிருந்து மீளச் சென்று சேர்ந்தது யோக குரு சுவாமி சச்சிதானந்தாவிடம். உங்கள் பக்கத்துக்காரர்தான், கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்தவர். 1971-இல் வந்த ஆலிஸின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ அவர் பெயரைத் தாங்கிய தட்டு. தம்புராவின் ரீங்காரத்தின் மேல் ஆலிஸின் ஹார்ப், அதன் மேல் ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன். எனக்கு மிகவும் நெருக்கமான தட்டு இது. ஆலிஸை வெறும் கோல்ட்ரேனின் மனைவியாகப் பார்த்த காலம் போய்விட்டது, நல்லவேளை.

பியானோ உங்களை இழுத்தால், ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் பியானோ வாசித்த பில் எவன்ஸ் பின்னால் போங்கள். அவருடைய ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, வில்லேஜ் வான்கார்ட் என்ற சிறிய கிளப்பில் பதிவானது. கண்ணாடிக் கோப்பைகள் மோதும் ஓசையும் பேச்சும் கேட்கும். ஸ்காட் லஃபாரோவின் பேஸைக் கவனியுங்கள். தாளத்தைத் தாங்குவதோடு நிற்காமல் பியானோவோடு சரிக்குச் சரி பேசுகிறது. பதிவான பதினோராம் நாள் கார் விபத்தில் லஃபாரோ இறந்தார். வயது 25.

அப்புறம், ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் இன்னொரு சாக்ஸபோன் வாசித்த கேனன்பால் ஆடர்லியின் ‘சம்திங் எல்ஸ்’. மைல்ஸ் இன்னொருவர் தலைமையில் வாசித்த அபூர்வமான தட்டு. அதில் டிரம்ஸ் ஆர்ட் பிளேக்கி, அங்கிருந்து அவருடைய ‘மோனின்’. பின்னோக்கிப் போக லூயி ஆர்ம்ஸ்ட்ராங். அவர் ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ வாசித்த 1928-இல் எல்.பி. என்னும் நீண்ட நேரத் தட்டே கிடையாது, ஆகவே அவருடைய குழுக்களான ஹாட் ஃபைவ், ஹாட் செவன் பதிவுகளின் நல்ல தொகுப்பு ஒன்று போதும்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ வழியாக வராத ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ், ‘மிங்கஸ் ஆ உம்’, அதுவும் 1959. ஆர்கன்சா மாநில ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் 1957-இல் லிட்டில் ராக் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழையாமல் தடுக்கப் படையை நிறுத்தினார். அவரை மிங்கஸ் இசையாலேயே கிழித்துத் தொங்கவிட்ட ‘ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்’ இதில்தான் இருக்கிறது. இந்தத் தட்டில் பாட்டு வரிகள் இல்லை. அவற்றோடு 1960-இல் வேறொரு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். காபிக் கடையில் மெல்ல ஓடும் இசைதான் ஜாஸ் என்று நினைப்பவர்கள் அவசியம் கேட்க வேண்டும்.

முதல் பதிப்பு பற்றி உங்கள் நண்பர் சொல்வதை ஏற்க மாட்டேன். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அமர்வில் பதிவு இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டித் தயாரித்த தட்டின் முதல் பக்கம் பல பத்தாண்டுகள் சுருதி சற்று ஏறியே ஒலித்தது. 1990-களில்தான் மாற்று நாடாவைக் கொண்டு சரிசெய்தார்கள். சுருதிக் காது உள்ளவர் நீங்கள், திருத்திய மறுபதிப்பையே வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் பிளேயருக்கு நல்ல ஊசி ஒன்று போடுங்கள்.

அன்புடன்