பழைய கார் பார்க்கக் காலையிலேயே போங்கள்

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் கிராமம். அப்பாவுக்கு மூட்டுவலி, பஸ் ஏற முடியவில்லை. மாதம் 2 தடவை கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு பழைய கார் தேடுகிறேன். ஈரோட்டில் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் 2016 மாடல் டீசல் வண்டி இருக்கிறது, 62,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, சிங்கிள் ஓனர் என்கிறார்கள். வேறு பார்ட்டி வருகிறது, இன்றைக்கே 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள் என்று அவசரப்படுத்துகிறார்கள். கொடுக்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. அந்த வண்டி போனால் இன்னொன்று வரும். உங்கள் அப்பாவையே கேளுங்கள், கருங்கல்பாளையம் சந்தையில் மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்த்து, சுழி பார்த்து, நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்த்த பிறகுதானே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள்.

முதலில் ஒன்று சொல்கிறேன், உங்களுக்கு டீசல் எதற்கு? மாதம் 2 தடவை கோயமுத்தூர், மற்றபடி கோபிக்குள் சுற்றுவது, இதற்குப் பெட்ரோல் வண்டி போதும். பழைய டீசலில் இன்ஜெக்டர், டர்போ என்று ஏதாவது ஒன்று கையைக் கடித்தால் எரிபொருளில் மிச்சம் பிடித்தது எல்லாம் ஒரே நாளில் போய்விடும். அதுவும் தவிர, நிறைய ஓட்டுகிறவர்கள்தான் டீசல் வாங்குவார்கள், 2016 மாடல் டீசல் 62,000தான் ஓடியிருக்கிறது என்றால் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. மீட்டரைத் திருப்புவது பெரிய வேலையே இல்லை. வண்டி நம்பரை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போய், கடைசி சர்வீஸில் எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள். அப்புறம் பிரேக், கிளட்ச் பெடல் ரப்பரைப் பாருங்கள். ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்து, டிரைவர் சீட் ஓரம் அமுங்கிக் கிடந்தால் அது 62,000 ஓடிய வண்டி இல்லை. ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதை ஏன் மாற்றினார்கள் என்றும் கேளுங்கள்.

அதே வண்டிதான் வேண்டும் என்றால் காலை 7 மணிக்கு வருகிறேன், அதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். நான் முதன்முதலில் வாங்கிய பழைய காரை மத்தியானம் 2 மணிக்குப் பார்த்தேன், சாவியைத் திருப்பியதும் ஒரே அடியில் பிடித்துக்கொண்டது, அன்றைக்கே பணம் கொடுத்தேன். மறுநாள் காலையில் பத்து தடவை செல்ஃப் அடித்தும் பிடிக்கவில்லை, பிடித்தபோது தெருவே வெள்ளைப் புகை. எனக்குக் காட்டுவதற்கு முன்னால் சூடு பண்ணி வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்தச் செலவை அடைக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள், புசுபுசுவென்று காற்றும் புகையும் தள்ளினால் பேக் கம்ப்ரஷன், இன்ஜின் வேலை இருக்கிறது. சைலன்ஸரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. மூடிக்கு உள்பக்கம் பால் டீ நிறத்தில் ஏடு படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

வெளியில் பாலிஷ் போட்ட இடத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, யாரும் கழுவாத இடத்தைப் பாருங்கள். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கைப் பிடுங்கினால் உள்ளே ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசையாகத் தெரியும், ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாமலோ பட்டி பூசியோ இருந்தால் அது அடிபட்டு டிங்கரிங் பார்த்த வண்டி. பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தாலும் ஏன் கழற்றினார்கள் என்று கேட்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்கள், அடியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 மழையிலும் 2023 டிசம்பர் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின, வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவித் துடைத்து விற்பதும் நடக்கிறது. ஸ்டெப்னி குழியில் துரு, சீட் தண்டவாளத்தில் துரு, மிதியடிக்குக் கீழே முடை நாற்றம், இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். டயரில் கடைசி நாலு எண், 2319 என்று இருந்தால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. டி.என். 43 நம்பர் என்றால் நீலகிரி வண்டி, மலையிலேயே ஏறி இறங்கியிருக்கும், கிளட்சையும் பிரேக்கையும் இரண்டு தடவை பாருங்கள்.

கூடவே உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள், கூலியை நீங்களே கொடுங்கள். கன்சல்டிங்காரர் காட்டுகிற மெக்கானிக் வேண்டாம்.

வண்டி தேறினால் பேப்பர். எம்பரிவாகன் ஆப்பில் நம்பர் போட்டால் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, லோன் இருக்கிறதா என்று வரும். லோனைக் கட்டி முடித்தும் ஆர்.சி.யில் ஹெச்.பி., அதாவது வண்டி மேல் லோன் இருக்கிறது என்ற குறிப்பை, எடுக்காமல் விட்டிருப்பார்கள், அதற்கு ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) படிவம் 35ம் கையில் வந்தால்தான் பாக்கிப் பணம் கொடுக்க வேண்டும். சேஸிஸ் நம்பரை வண்டியில் நேரில் பார்த்து ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். பழைய அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-சலானில் பாருங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் நாளை உங்கள் வண்டி அடிபட்டால் உங்களுக்குப் பணம் வராது. விற்றவருடைய நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்குச் சேராது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: போன வருடம் என் காரை விற்றேன். வாங்கியவர் இன்னும் பெயர் மாற்றவில்லை, அபராத மெசேஜ் எனக்கே வருகிறது. நான் என்ன செய்வது? (பல்லடம் வாசகி)

பதில்: அபராதம் சின்ன விஷயம் அக்கா, விபத்து நடந்தால்தான் பெரிய சிக்கல். வண்டி பல கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, அந்த வழக்கில் முதலில் விற்றவர் மேலேதான் இழப்பீடு விழுந்தது. விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29ல் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், அது வாங்கியவர் வேலை என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம். டெலிவரி நோட், வாங்கியவருடைய ஆதார் நகல், பணம் வந்த பேங்க் கணக்கு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போங்கள், எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆள் போனை எடுக்கவில்லை என்றால் போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு மனு கொடுத்து வையுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: டெல்லி வண்டி இங்கே இருப்பதைவிட ஒரு லட்சம் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (காங்கயம் வாசகர்)

பதில்: டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு வந்த கட்டுப்பாட்டால்தான் அங்கே விலை இறங்கியது. ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., அதாவது படிவம் 28, இல்லாமல் இங்கே பெயர் மாறாது, தமிழ்நாட்டுக்கு ரோடு டாக்ஸும் தனியாகக் கட்ட வேண்டும். அந்த மாடலுக்கு டாக்ஸ் எவ்வளவு ஆகும் என்று முதலில் உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு எழுதி வாங்குங்கள், லாரியில் ஏற்றி வருகிற கூலியையும் சேர்த்துக் கூட்டுங்கள், அதற்கப்புறமும் ஒரு லட்சம் மிச்சம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசப் போங்கள்.