ஒரே ஏரியில் இத்தனை வகை மீன்கள் இருந்தால் இரைக்குப் போட்டி வராதா?

வரும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. மீனின் வாயைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

கட்லாவுக்குக் கீழ்த்தாடை துருத்தி, வாய் மேல்நோக்கித் திறக்கும். மேல்மட்ட நீரில் மிதக்கும் நுண்ணிய விலங்கு மிதவைகளை நீரோடு உள்ளே வாங்கி, செவுளில் சீப்புப் பல் போல நெருங்கியிருக்கும் முட்களால் வடிகட்டித் தின்னும். ரோகு பெரும்பாலும் நடுமட்டத்தில் திரியும். பாசி, அழுகும் செடி அதற்கு இரை. மிர்கால் அடிச்சேற்று மக்கைத் தின்னும். குஞ்சுப் பருவத்தில் மட்டும் மூன்றுக்கும் விலங்கு மிதவைகள்தான் முக்கிய இரை, போட்டியும் அப்போதுதான் அதிகம்.

விரால் சங்கதியே வேறு. கரையோரக் கோரைக்குள் அசையாமல் பதுங்கி, தவளையோ சிறுமீனோ பக்கத்தில் வந்தால் ஒரே பாய்ச்சல். மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் என்பதால், ஆக்சிஜன் குறைந்த தேங்கல் தண்ணீரும் அதற்குப் பிரச்சினையில்லை.

அப்புறம் ஜிலேபி. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன். பாசி, புழு, மக்கு என்று கிடைத்ததைத் தின்னும்; முட்டையைத் தாய்மீன் வாயிலேயே வைத்துக் காக்கும். அது பெருகிய ஏரியில் இந்தப் பங்கீடெல்லாம் குழம்பிவிடும்.