ஆற்று அலையில் கயாக் (துடுப்பால் ஓட்டும் சிறு படகு) எப்படி ஒரே இடத்தில் நிற்கிறது? வித்தைகளை எதிலிருந்து பழகுவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடலில் அலை கரையை நோக்கி ஓடும். உம்கேனி போன்ற ஆற்றில் நேர்மாறு: தண்ணீர் பாறைமேல் வேகமாக இறங்கி, கீழே மெதுவான நீரில் மோதி எழும்புகிறது, அந்த அலை இடம் மாறாது. அதன் சரிவில் படகு முன்னோக்கி வழுக்க, ஆற்றோட்டம் அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மேலேறும் எஸ்கலேட்டரில் அதே வேகத்தில் இறங்கி நடப்பவர் அங்கேயே இருப்பது போலத்தான்.

முதலில் படகின் மூக்கு முங்காமல் இப்படி நிற்கப் பழகுங்கள். அப்புறம் ஸ்பின், அதாவது அலைமேல் படகைச் சுழற்றுவது. அலை உச்சியிலிருந்து வழுக்கி இறங்கும்போது, படகின் அடியைத் தட்டையாக வைத்துத் தலையைத் திருப்புங்கள். தோளும் இடுப்பும் படகும் பின்தொடரும். ஓட்டம் வரும் பக்க விளிம்பு தாழ்ந்தால் நொடியில் கவிழ்ந்துவிடும்! அதனால் ரோல் போட்டு, அதாவது கவிழ்ந்த படகில் இருந்தபடியே புரண்டு, நிமிரத் தெரிந்திருப்பது கட்டாயம்.

கைபலம்தான் எல்லாம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் விசை தருவது ஆறு, படகைச் சாய்த்து வழிநடத்துவது இடுப்பு.