கூரை போட்ட களத்துக்கு அருகில் ஒரு வீடு

தம்பி, சஃபோக்கில் பதினேழாம் நூற்றாண்டுப் பண்ணைவீடு ஒன்று இரண்டு களஞ்சியங்களோடு விற்பனைக்கு வந்திருக்கிறது, இங்கிலாந்துக்கு வந்து மூன்றே ஆண்டுகளான குடும்பம் அதில் குடியிருக்க முடியுமா, குளிரைத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பத்தொன்பது ஆண்டுகளாக அப்படியொரு வீட்டில்தான் இருக்கிறேன். முடியும். ஆனால் நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டியது குளிரை அல்ல, ஈரத்தை.

அந்த வீடுகளின் எலும்பு ஓக் மரம். சட்டங்களுக்கு நடுவே வரிச்சுக் கட்டி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பி, மேலே சுண்ணாம்புக் காரை பூசியிருப்பார்கள். மழை பெய்தால் அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், காற்றடித்தால் வெளியே விட்டுவிடும். சிமெண்டு பூசினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை, மரத்துக்குள் தங்கிவிடும். எங்களுக்கு முன்பிருந்தவர்கள் வடக்குச் சுவருக்கு நல்லெண்ணத்தோடுதான் சிமெண்டு பூசியிருந்தார்கள். நாங்கள் அதைப் பெயர்த்தபோது, முந்நூறு ஆண்டுகள் வீட்டைத் தாங்கிய அடிச்சட்டம் ஈரத் தூளாக விரலோடு வந்தது. அன்று நான் அழுதேன். புதிய ஓக் துண்டை ஒட்டுப்போட்டு, திரும்பவும் சுண்ணாம்புக் காரையே பூசினோம். அடுத்த குளிர்காலத்திலேயே அந்த அறையின் பூஞ்சை வாடை போய்விட்டது.

அந்த வயதுடைய வீடு பெரும்பாலும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கும். நீங்கள் பார்ப்பது எந்தத் தரம் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டாம் தரம் (Grade II) என்றால் வெளித்தோற்றத்துக்கு மட்டும்தான் கட்டுப்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, உள்ளே இருக்கும் பழைய கதவும் படிக்கட்டும்கூட அதில் அடங்கும். வீட்டு வளாகத்துக்குள் 1948 ஜூலை 1க்கு முன் கட்டிய களஞ்சியங்களும் பொதுவாக அந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிடும். கட்டடத்தின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளூராட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஒப்புதல் இல்லாமல் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முன்னவர் அனுமதியின்றி மாற்றிய ஜன்னலைச் சரிசெய்யும் பொறுப்பும் வாங்கியவர் தலையில் வந்து விழலாம், அதற்குக் காலவரம்பும் கிடையாது. அதனால் சமையலறை அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் ஒப்புதல் கடிதங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

குளிருக்கு வழி இருக்கிறது. கனத்த திரை, பழைய ஜன்னலுக்கு உள்பக்கமாக இன்னொரு கண்ணாடி, நன்கு காய்ந்த விறகு. எரிவாயுக் குழாய் வராத இடமென்றால் வீட்டைச் சூடாக்க எண்ணெய்த் தொட்டி இருக்கும். செப்டிக் டேங்க் இருந்தால் அதன் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள், ஓடையில் நேராக விடுவதை இங்கே அனுமதிப்பதில்லை.

இனி களஞ்சியம். இதைச் சொல்லத்தான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன். எங்கள் பெரிய களஞ்சியத்தில் எதிரெதிரே இரண்டு உயர்ந்த கதவுகள். முதலில் வண்டி நுழைந்து வெளியேறத்தான் என்று எண்ணினேன். பிறகுதான் புரிந்தது, இது கூரை போட்ட களம்! இந்த ஊர் மழையை நம்பித் திறந்தவெளியில் கதிரடிக்க முடியாது. அதனால் அறுவடையை உள்ளே அடுக்கிவைத்து, குளிர்காலம் முழுவதும் நடுத்தளத்தில் தடியால் அடித்திருக்கிறார்கள். இரண்டு கதவுகளையும் திறந்துவைத்துத் தூற்றினால், ஊடே வரும் காற்றில் பதர் பறந்துவிடும், மணி காலடியில் விழும். அது தெரிந்த நாளிலிருந்து அந்த இடம் எனக்கு அந்நியமாக இல்லை. உத்திரங்கள் சேரும் இடங்களில் தச்சர்கள் உளியால் கீறிய ரோமன் எண்கள் இருக்கின்றன. தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்துப் பிரித்த சட்டங்களை, மேலே ஏற்றும்போது இனங்காண இட்ட குறிகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதை விரலால் தடவிக் காட்டியிருக்கிறேன்.

மேல்விட்டத்தில் கூகை ஒன்று கூடு வைத்திருக்கிறது. கூடு இருக்கும் காலத்தில் அதைத் தொந்தரவு செய்யக் கூடாது, வௌவால்களின் உறைவிடத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. கூரை வேலையை அவற்றைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. அந்தி நேரத்தில் அந்தக் கூகை சத்தமின்றி வயல்மேல் தாழப் பறப்பதைப் பார்க்க, அடுப்பில் உள்ளதை இறக்கிவைத்துவிட்டு ஓடுவேன்.

பக்கத்து மாவட்டமான எசெக்ஸில் கிரெசிங் டெம்பிள் என்ற இடம் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் களஞ்சியங்கள் இரண்டு இன்றும் நிற்கின்றன. வாங்குவதற்கு முன் குடும்பத்தோடு போய் அவற்றுக்குள் நின்று பாருங்கள். வீட்டை ஜூனில் பார்த்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். பிப்ரவரியில், மழை பெய்யும் நாளாகப் பார்த்து, ஒரு கைவிளக்கோடு மறுபடி போங்கள். அடிச்சட்டங்களைச் சாவியால் மெல்லக் குத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் உங்கள் மனைவிக்கு அங்கே நிற்கப் பிடித்திருந்தால் எனக்கு எழுதுங்கள். எங்கள் சுவரைப் பூசியவர் இன்னும் வேலை செய்கிறார், அவரிடம் உங்களைப் பற்றிச் சொல்லிவைக்கிறேன்.